மூன்று விரல் தேர்தல்

கீழவாசலில் அரிசிக்கடை வைத்திருக்கும் ஒருவர் தஞ்சாவூர் தொகுதியில் சட்டமன்றத் தேர்தலுக்கு நிற்கப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆள் கற்பனை. அவர் போய் மாட்டப்போகும் விதிகளும், இந்த ஊரில் நடந்த கூத்துகளும் கற்பனை இல்லை. கற்பனையாக இருந்திருந்தால் நிம்மதியாகச் சிரித்திருக்கலாம்.

கெட்டிக்கார மனுஷர். 2022 ஜூலையில், 25 கிலோ வரை பை போட்டு விற்கும் அரிசிக்கு ஐந்து சதவீத ஜிஎஸ்டி என்று வந்ததும், 26 கிலோ மூட்டை தைத்துக் கடை வாசலில் அடுக்கியவர்களில் ஒருவர். மாநில நிதியமைச்சர்கள் எல்லாரும் கூடி உட்கார்ந்து போட்ட வரியை ஒரு கிலோ அரிசியை வைத்துத் தாண்டியவருக்குக் கோட்டைக்குப் போக என்ன தகுதி குறைச்சல்? கல்லாவில் உட்கார்ந்தபடி கேள்வி கேட்டால் என்ன ஆகும் என்பதும் அவருக்குத் தெரியும். 2024-இல் கோவையில் ஒரு ஓட்டல்காரர், பன்னுக்கு வரியில்லை, உள்ளே தடவும் கிரீமுக்கு 18 சதவீதமா என்று மத்திய நிதியமைச்சரிடம் நேரிலேயே கேட்டார். அரங்கமே சிரித்தது. பிறகு அவர் மன்னிப்புக் கேட்ட வீடியோ ஊரெல்லாம் ஓடியது. வெளியே நின்று கேட்டால்தானே மன்னிப்பு, உள்ளே போய்க் கேட்டால் அவைக்குறிப்பு என்பது நம்மவர் கணக்கு.

நல்ல கணக்குதான் அண்ணே. முதலில் டெபாசிட் கட்டுங்கள், 10,000 ரூபாய்.

ஒரு காலத்தில் இது 250 ரூபாயாக இருந்தது. 1996-இல் மொடக்குறிச்சி விவசாயிகள், எங்கள் குறையை எவனும் காதில் வாங்கவில்லை என்ற கோபத்தில் சாரை சாரையாகப் போய் மனுத்தாக்கல் செய்தார்கள். களத்தில் 1,033 வேட்பாளர்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடிக்க வேண்டியதாயிற்று, தேர்தலையே தள்ளிவைத்தார்கள். ஜனநாயகத்தின் மூக்கில் குடியானவன் இவ்வளவு அழகாகக் குத்தியது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அதற்கு நாடாளுமன்றம் என்ன செய்தது? என்ன குறை என்று கேட்டதா? டெபாசிட்டை 5,000 ஆக்கியது. அங்கீகாரம் பெற்ற கட்சியின் வேட்பாளருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும், சுயேச்சைக்குப் பத்துப் பேர் கையெழுத்துப் போட வேண்டும் என்று எழுதிவைத்தது. 2010-இல் அந்த 5,000 பத்தாயிரம் ஆயிற்று.

ஒரு சின்ன ஒப்பீடு, அரிசிக்கடைக்காரருக்குப் பிடிக்கும். சாதாரண ரக நெல்லுக்கு மத்திய அரசின் ஆதார விலை 1996-97-இல் குவிண்டாலுக்கு 380 ரூபாய், 2025-26-இல் 2,369 ரூபாய். ஏறத்தாழ ஆறு மடங்கு. நெல் விளைவிக்கிறவன் தேர்தலில் நிற்பதற்கான விலை நாற்பது மடங்கு. டெல்டாவில் எந்தப் பயிருக்கும் இப்படி விலை ஏறியதில்லை.

சரி, பத்துக் கையெழுத்து வாங்கியாயிற்று, பிரமாணப் பத்திரத்தில் மனைவியின் நகை வரைக்கும் எழுதியாயிற்று. அடுத்தது பறக்கும் படை. நடத்தை விதிகள் அமலுக்கு வந்துவிட்டால், கணக்குக் காட்ட முடியாமல் 50,000 ரூபாய்க்கு மேல் கையில் வைத்திருப்பது சந்தேகத்துக்குரியது. கும்பகோணத்திலும் பாபநாசத்திலும் சில்லறைக் கடைகளில் பாக்கி வசூலித்துக்கொண்டு வருகிறவரிடம் என்ன கணக்கு இருக்கும்? பாக்கெட் நோட்டின் கிழிந்த தாளில் "செட்டியார் கடை 12, பாய் கடை 8½" என்று பென்சிலில் இருக்கும். கேமராக்காரர் படம் பிடிக்க, பணத்தை எண்ணி, உறையில் போட்டு, அரக்கு வைத்துக் கருவூலத்துக்கு அனுப்பிவிடுவார்கள். உரிய ஆவணம் காட்டினால் திரும்பக் கிடைக்கும். மாட்டு வியாபாரி, முட்டை வியாபாரி, வெற்றிலை வியாபாரி என்று எல்லாரும் ஒவ்வொரு தேர்தலிலும் அந்த வாசலில் நிற்கிறார்கள். பறப்பது என்னவோ படைதான், அகப்படுவதெல்லாம் நடந்தும் டூ வீலரிலும் போகிறவர்கள்.

2016 மே 14, வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பு, திருப்பூர் அருகே மூன்று கண்டெய்னர் லாரிகளில் 570 கோடி ரூபாய் சிக்கியதே, நினைவிருக்கிறதா? அது ஸ்டேட் வங்கியின் பணம் என்று பிறகு விளக்கம் வந்தது. வந்த விளக்கத்தை ஏற்றுக்கொண்டோம். 570 கோடிக்கு ஒரு விளக்கம் போதும் என்கிற ஊரில் அரிசிப் பாக்கி 58,000 ரூபாய்க்குப் பில் கேட்கிறார்களே என்று மட்டும் கேட்கக் கூடாது.

அதே மே மாதம்தான் தஞ்சாவூர் வரலாற்றில் இடம் பிடித்தது. பெரிய கோயிலுக்காக இல்லை. தொகுதியில் பணமும் பரிசுப் பொருளும் பெரிய அளவில் பட்டுவாடா ஆனதாகச் சொல்லி, தஞ்சாவூர், அரவக்குறிச்சி இரண்டுக்கும் தேர்தல் ஆணையம் வாக்குப்பதிவை மே 23-க்குத் தள்ளியது, பிறகு ஜூன் 13-க்குத் தள்ளியது, கடைசியில் மே 28 அன்று தேர்தல் அறிவிக்கையையே ரத்து செய்தது. சட்டமன்றத் தேர்தல் ஒன்று பணத்துக்காக இப்படி ரத்தானது இந்தியாவிலேயே முதல் முறை. சோழ மண்டலத்துக்குக் கிடைத்த பெருமை.

நவம்பர் 19-இல் மறுபடி தேர்தல் வைத்தார்கள். பணம் கொடுத்ததால் ரத்தான தேர்தலில் அ.தி.மு.க.வுக்கு யார் நின்றார்? மே மாதம் நின்ற அதே எம். ரங்கசாமி. தி.மு.க.வுக்கு? அதே அஞ்சுகம் பூபதி. வேட்பாளர்கள் அப்படியே, கட்சிகள் அப்படியே, தெருக்கள் அப்படியே. தண்டனை வாக்காளருக்கு மட்டும்தான்: ஆறு மாதம் எம்.எல்.ஏ. கிடையாது.

இனி விரல்களுக்கு வருவோம். அந்தத் தேர்தலுக்குப் பதினொரு நாள் முன்னால், நவம்பர் 8 இரவு, 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போயின. பணத்தால் நின்ற தேர்தல், ஊரில் எவன் கையிலும் பணமே இல்லாத வாரத்தில் நடந்தது. அரிசிக்கடைக்காரர் ஷட்டரை இறக்கிவிட்டு வங்கி வாசலில் நின்றார். திரும்பத் திரும்ப வருகிறார்கள் என்று, நோட்டு மாற்றுகிறவர்களுக்கு வலது ஆட்காட்டி விரலில் அழியாத மை வைப்போம் என்றது மத்திய அரசு. இடது ஆட்காட்டி விரல் ஓட்டுக்கு, அதைத் தொட்டுவிடாதீர்கள் என்று தேர்தல் ஆணையம் நிதி அமைச்சகத்துக்குக் கடிதம் எழுதியது. தன் பணத்தைத் தானே எடுக்க வந்தவனுக்கும் கள்ள ஓட்டுப் போட வருகிறவனுக்கும் ஒரே மை. மூன்றாவது விரல் இன்னும் விசேஷம். அப்போது அப்பல்லோ மருத்துவமனையில் இருந்த அ.தி.மு.க. பொதுச்செயலாளர் ஜெயலலிதா, வேட்பாளர்களுக்குச் சின்னம் ஒதுக்கும் படிவங்களில் கையெழுத்துப் போடவில்லை, பெருவிரல் ரேகை வைத்தார். தஞ்சாவூருக்கும் அந்த ரேகைதான். உடன் நடந்த திருப்பரங்குன்றம் இடைத்தேர்தலின் ரேகையை எதிர்த்து வழக்குப் போட்டவருக்கு 2019 மார்ச்சில் உயர் நீதிமன்றத்தில் நீதி கிடைத்தது, வென்றவரின் வெற்றி செல்லாது என்று. வென்றவர் அதற்குள் இறந்தே போயிருந்தார்.

நம் ஆள் பிரமாணப் பத்திரத்தில் ஒரு கட்டத்தை விட்டுவிட்டு, சொல்லியும் நிரப்பாவிட்டால் மனு தள்ளுபடி, பரிசீலனை அன்றைக்கே.

தஞ்சாவூரில் ரங்கசாமி 26,874 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். பத்தே மாதத்தில், 2017 செப்டம்பர் 18-இல், டி.டி.வி. தினகரன் பக்கம் போன அ.தி.மு.க. எம்.எல்.ஏ.க்கள் பதினெட்டுப் பேரில் ஒருவராகச் சபாநாயகரால் பதவி இழந்தார். அதன்பின் 2019 மே வரை தொகுதிக்கு ஆள் இல்லை. இடையில் 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் வந்தது. தென்னையெல்லாம் வேரோடு சாய்ந்து கிடந்த அந்த நாளில் தஞ்சாவூருக்கும் எம்.எல்.ஏ. இல்லை, பக்கத்துத் திருவாரூருக்கும் எம்.எல்.ஏ. இல்லை. ஓட்டுக்குப் பணம் கொடுக்க வீட்டு எண் பார்த்து வந்தவர்கள், தார்ப்பாய் கேட்டபோது எந்த வீட்டு எண்ணையும் மறந்துபோயிருந்தார்கள்.

சாவடியைக் கைப்பற்றினால் தேர்தலை ரத்து செய்ய மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 58ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. வாக்காளரையே கைப்பற்றினால் ரத்து செய்யப் பிரிவு இல்லை. 2016 கூத்துக்குப் பிறகு, அப்படி ஒன்றைச் சேர்த்துத் தாருங்கள் என்று ஆணையம் கேட்டது. மத்திய அரசு முடியாது என்றுவிட்டது. எந்த முதலாளி தன் கடைக்குத் தானே பூட்டுப் போடுவார்?

"காசு வாங்குற ஜனங்களைச் சொல்லணுங்க" என்பார் இதைப் படிக்கும் ஒரு பெரியவர், ஃபில்டர் காபியை ஆற்றியபடி. சொல்லலாம். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதம் தாண்டிவிட்டது என்று மூட்டையை ஓரமாக வைக்கிறார்களே, அங்கே போய்ச் சொல்லட்டும். மூட்டைக்கு 40 ரூபாய் வரை பிடுங்குகிறார்கள் என்று விவசாயிகள் ஆண்டுதோறும் கத்துகிறார்கள். நூறு மூட்டை கொண்டுபோனால் 4,000. குறுவைக்கு ஒரு தடவை, சம்பாவுக்கு ஒரு தடவை, ஐந்து வருஷத்துக்குக் கூட்டினால் 40,000. தேர்தலுக்கு முந்தின இரவு அந்த விவசாயி வாங்கியதை இதோடு வைத்துப் பாருங்கள். கொடுத்த பணம் அவருடையதுதான், அதுவும் சில்லறையாக.

செலவுக் கணக்குக்கு வருவோம். ஒரு சட்டமன்ற வேட்பாளருக்கு உச்சவரம்பு 40 லட்சம். டீ, வடை, பிரியாணி, சால்வை, பிளாஸ்டிக் நாற்காலி எல்லாவற்றுக்கும் மாவட்ட நிர்வாகம் விலைப்பட்டியல் போட்டிருக்கிறது. தனி வங்கிக் கணக்கு, தினக் கணக்கு, பார்வையாளர் முன் சரிபார்ப்பு எல்லாம் உண்டு. பெரிய கட்சியின் நாற்பது நட்சத்திரப் பேச்சாளர்கள் பறந்து வரும் செலவு வேட்பாளர் கணக்கில் ஏறாது. அது கட்சியின் செலவு, கட்சிக்கு வரம்பே கிடையாது. அரிசிக்கடைக்காரரின் மைத்துனர் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு போனால் ஏறும்.

பிறகு பெயர். அவர் பெயரிலேயே இன்னும் நாலு பேர் மனுப் போடுவார்கள். 2024-இல் ராமநாதபுரத்தில் ஓ. பன்னீர்செல்வத்துக்கே அது நடந்தது, அதே பெயரில் இன்னும் ஐந்து பேர் வந்து நின்றார்கள். பெரியகுளத்தில் டீக்கடை நடத்தி, மூன்று முறை முதல்வராக இருந்தவருக்கு அந்தக் கதி. டீக்கடையிலிருந்து கோட்டைக்குப் போக வழி உண்டு என்பதற்கு அவரைத்தான் உதாரணம் காட்டுவார்கள். வழியில் யார் காலடியில் எத்தனை தடவை குனிய வேண்டும் என்பதைச் சொல்ல மாட்டார்கள்.

குனியாமல் நின்ற கடைக்காரரும் உண்டு. நமக்குத் தண்ணீர் வரும் மேட்டூரில் டயர் கடை வைத்திருக்கும் பத்மராஜன், 1988-இலிருந்து 200-க்கும் மேற்பட்ட தேர்தல்களில் நின்று எல்லாவற்றிலும் தோற்றவர். பிரதமர்களை எதிர்த்தும் மனுப் போட்டவர். 2011-இல் மேட்டூரில் வாங்கிய 6,273 ஓட்டுதான் அவருடைய உச்சம். 'தேர்தல் மன்னன்' என்று பட்டம் கொடுத்து, மீசையைப் படம் எடுத்துப் போட்டு, சிரித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போகிறோம். சாதாரண ஆள் யார் வேண்டுமானாலும் நிற்கலாம் என்று அரசியல் சட்டம் சொன்னதை நிஜமென்று நம்பியவர் நமக்குக் கோமாளி. ஓட்டுக்கு விலை வைத்தவர் நமக்கு 'அண்ணன்', அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு நாலு தெரு தள்ளிப் பந்தல் போடுகிறோம்.

இவ்வளவு சொல்லியும் நிற்பேன் என்கிறீர்களா? நில்லுங்கள் அண்ணே. ஆறில் ஒரு பங்கு ஓட்டு வாங்காவிட்டால் பத்தாயிரம் போகும், போகட்டும். ஆனால் முடிவு வந்த முப்பது நாளுக்குள் டீக்கணக்கு, மைக் கணக்கு எல்லாவற்றையும் பில்லோடு கொடுத்துவிடுங்கள். 2016-இல் தேர்தலே ரத்தாகும் அளவுக்குப் பணம் ஓடிய தஞ்சாவூரில் பணம் கொடுத்ததற்காக ஒரு வேட்பாளரைக்கூட ஆணையம் தகுதிநீக்கம் செய்யவில்லை. கணக்குக் கொடுக்காவிட்டால் உங்களை மூன்று வருஷத்துக்குத் தகுதிநீக்கம் செய்யும்.