பாரீஸில் தொசியே வார்த்த கதை

2019 ஆகஸ்டு கடைசியில் புதுச்சேரிப் பையன் ஒருவன் பாரீஸில் வந்து இறங்கினான். முதுகலை படிக்க இடம் கிடைத்துவிட்டது. படுக்கத்தான் இடம் கிடைக்கவில்லை. "அங்க போய்ப் பாத்துக்கலாம்டா" என்று அப்பா சொல்லி அனுப்பியிருந்தார். அப்பா தன் வாழ்நாளில் வாடகைக்குப் பார்த்த வீடுகள் இரண்டு. இரண்டும் முத்தியால்பேட்டையில். இரண்டுக்கும் பேச்சு திண்ணையிலேயே முடிந்து, ஒரு டம்ளர் காபியோடு சாவி கைக்கு வந்தது.

பையனுக்குப் பேர் வேண்டாம். இப்போது வேலை, குடும்பம் என்று கௌரவமாக இருக்கிறான். இந்தக் கட்டுரையை எழுதுகிற ஆளின் முகஜாடை அவனுக்குக் கொஞ்சம் உண்டு என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

முதல் விளம்பரத்துக்குப் போன் செய்தான். எதிர்முனை அம்மையார் பேரைக் கேட்கவில்லை, ஊரைக் கேட்கவில்லை. "தொசியே இருக்கிறதா?" என்றார். அன்று ராத்திரி அம்மாவிடம் சொன்னபோது, "அந்த ஊர்லயும் தோசை கேக்கறாங்களா? மாவு எங்கடா அரைப்ப?" என்று பதறினாள். தொசியே என்றால் காகிதக்கட்டு. பாஸ்போர்ட், விசா, கல்லூரிச் சேர்க்கைச் சான்று. இதெல்லாம் வெறும் சட்னி. தோசையே ஜாமீன்தாரர்தான். அவர் பிரான்ஸில் குடியிருக்க வேண்டும். வாடகையைப்போல் மூன்று மடங்கு சம்பாதிக்க வேண்டும். கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வருமான வரிக் கணக்கு, முகவரிச் சான்று எல்லாம் தர வேண்டும். நம்மூரில் அடிதடிக் கேசில் உள்ளே போனவன்கூட இதைவிடச் சுலபமாக ஜாமீனில் வந்துவிடுவான்.

புதுச்சேரிக்காரன் என்பதால் பையனிடம் ஒரு துருப்புச்சீட்டு இருந்தது. தெருமுனையில் சொல்தா தாத்தா இருந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை அங்கே சொல்தா என்பார்கள். பென்ஷன் யூரோவில் வரும். பிரெஞ்சு தேசிய தினமான ஜூலை 14 வந்தால் மெடல் குத்திக்கொண்டு கொடியேற்றத்துக்குப் போவார். "என் பேரச் சொல்லு, கதவு தானா தெறக்கும்" என்று தாத்தா தைரியம் சொல்லியிருந்தார். பையன் சொன்னான். தாத்தா பிரான்ஸில் எந்த ஊரில் இருக்கிறார் என்று கேட்டார்கள். பிரான்ஸுக்காகச் சண்டை போட்டவர்தான், ஆனால் குடியிருப்பது முத்தியால்பேட்டையில் என்றதும் கதவு தானாகவே மூடிக்கொண்டது.

அப்புறம் விசால் என்று ஒன்று இருப்பதாகத் தெரிந்தது. நடிகர் இல்லை. ஜாமீனுக்கு ஆள் இல்லாத இளவட்டங்களுக்காக வைத்திருக்கும் உத்தரவாதத் திட்டம். குடித்தனக்காரன் வாடகை கட்டாவிட்டால் திட்டமே கட்டிவிடும், அதுவும் காசு வாங்காமல். பையன் சான்றிதழ் வாங்கி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒரு புரோக்கர் ஆபீசில் நீட்டினான். "இலவசமா?" என்று அங்கிருந்த அம்மையார் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

வீட்டுக்காரர்களையும் முழுசாகக் குற்றம் சொல்ல முடியாது. பிரான்ஸில் ஒருவரைக் குடிவைப்பது சுலபம், கிளப்புவது கஷ்டம். நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை, கோர்ட்டே தீர்ப்புச் சொல்லியிருந்தாலும், வாடகை பாக்கிக்காரரைத் தெருவில் நிறுத்தக் கூடாது. குளிர்காலப் போர்நிறுத்தம் என்று அதற்குப் பேர். உள்ளே போய்விட்டால் ராஜா. அதனால் வாசலிலேயே பூர்வஜன்மம் வரை விசாரிக்கிறார்கள். அந்த விசாரணைக்கும் கடிவாளம் உண்டு. என்னென்ன காகிதம் கேட்கலாம் என்று 2015இல் ஓர் அரசாணையே போட்டார்கள். தனியாகப் போட்டோ கேட்கக் கூடாது என்பது விதி. அதனாலேயே எல்லோரும் கேட்காமலே சிரித்த முகமாக ஒன்று ஒட்டிக் கொடுக்கிறார்கள்.

மாணவர் விடுதிகள் இல்லாமல் இல்லை. அரசு விடுதிகளில் உதவித்தொகை வாங்கும் பிள்ளைகளுக்கு முதல் பந்தி. தெற்கே 14ஆம் வட்டாரத்தில் சர்வதேச மாணவர் நகரம் இருக்கிறது. முதல் உலகப் போருக்குப் பின் பாரீஸில் மாணவர்களுக்குத் தங்க இடமில்லை என்று கல்வி அமைச்சராக இருந்த அந்த்ரே ஒனொராவும், எமில் தெய்ச் த லா மெர்த் என்ற தொழிலதிபரும் சேர்ந்து ஆரம்பித்தது. 1925இல் முதல் கட்டடம் திறந்தது. கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே வரைந்த சுவிஸ் இல்லம் அங்கேதான் இருக்கிறது. 1968இல் திறந்த இந்திய இல்லமும் இருக்கிறது. பையனும் போய்ப் பார்த்தான். மரம், புல்வெளி, பந்தாடும் பிள்ளைகள். இடம் மட்டும் இல்லை.

அறை கிடைக்கும்வரை ஒதுங்க இடம் கொடுத்தது லா சப்பல். ஈழத்தமிழர் வாயில் லாச்சப்பல். வடக்கு ரயில் நிலையத்துக்குப் பின்னால் இறங்கி நடந்தால் தமிழ்ப் பெயர்ப்பலகை, கொத்து ரொட்டிச் சத்தம், வாழைப்பூ. தெரிந்தவருக்குத் தெரிந்த யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர் தன் வரவேற்பறைச் சோபாவைக் கொடுத்தார். பையன் புலம்பியபோது அவர் சிரித்தார். "தம்பி, இஞ்ச காசு இருக்கோ எண்டு ஆரும் கேக்க மாட்டினம். கடுதாசி இருக்கோ எண்டுதான் கேப்பினம். நான் வந்து இருவது வரியம், இன்னும் கடுதாசி சேர்த்துக்கொண்டுதான் இருக்கிறன்." அந்த வாரக்கடைசி அங்கே மாணிக்க விநாயகர் கோயில் தேர். தெருவெல்லாம் தேங்காய் மலை. ஆயிரம் பேர் வேண்டுதலுக்கு நடுவே பையனும் ஒன்றை உடைத்தான். சுக்குநூறாகத்தான் உடைந்தது. பிள்ளையாருக்கு மட்டும்தான் தொசியே கொடுக்காமல் விண்ணப்பம் போட முடிந்தது.

கடுதாசியில் ஒரு சக்கரவியூகம் உண்டு. வாடகை ஒப்பந்தம் போட வங்கிக் கணக்கு வேண்டும். கணக்கு திறக்க முகவரிச் சான்று வேண்டும். முகவரிக்கு வாடகை ஒப்பந்தம் வேண்டும். அபிமன்யுவுக்காவது உள்ளே போகத் தெரிந்திருந்தது. கடைசியில் அண்ணன்தான் "இவர் என் வீட்டில் தங்கியிருக்கிறார்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, தன் அடையாள அட்டை நகலையும் கரண்ட் பில்லையும் இணைத்துக் கொடுத்தார். பாரீஸில் ஒரு மனிதன் இருக்கிறான் என்பதற்கு இன்னொருவருடைய கரண்ட் பில்தான் அத்தாட்சி.

இனி அறைக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டில் ஓஸ்மான் என்ற நிர்வாகி பாரீஸை இடித்துக் கட்டிய காலத்து மாடிவீடுகளில், துத்தநாகக் கூரைக்குக் கீழே, உச்சிமாடியில் வரிசையாகப் பொந்துகள் இருக்கும். வேலைக்காரப் பெண்கள் படுக்கக் கட்டியவை. எஜமானி கண்ணில் படாமல் ஏறி இறங்கப் பின்பக்கம் தனிப் படிக்கட்டு. பிற்பாடு லிஃப்ட் வந்தது. முன்பக்கம் மட்டும் வந்தது. வேலைக்காரப் பெண்கள் போன இடத்துக்கு இப்போது மாணவர்கள் வந்திருக்கிறார்கள். அந்தப் பெண்களுக்காவது சம்பளம் கொடுத்துப் படுக்க வைத்தார்கள்.

2002ஆம் ஆண்டு அரசாணைப்படி வாடகைக்கு விடும் இடத்தில் ஓர் அறையாவது 9 சதுர மீட்டர் பரப்போ, 20 கன மீட்டர் கொள்ளளவோ இருக்க வேண்டும். 9 சதுர மீட்டர் என்றால் சுமார் 97 சதுர அடி. ஒரு காரை நிறுத்துகிற இடமே 12 வரும். கூரை சாய்ந்து வருவதால் இன்னொரு கணக்கும் உண்டு: 1.80 மீட்டருக்கு உயரம் குறைந்த பகுதி பரப்பளவில் சேராது. அதனால் விளம்பரங்களில் "சட்டப்படி 9, தரையில் 14" என்று போடுவார்கள். மிச்சம் 5 சதுர மீட்டர் குனிந்தால் உண்டு, நிமிர்ந்தால் இல்லை. மாணவர்களுக்கான ஒப்பந்தம் 9 மாதம். அம்மா வயிற்றில் பத்து மாதம் வாடகையில்லாமல் இருந்தவனுக்கு, அதே வசதியில் 9 மாதத்துக்கு மாசம் 600 யூரோ.

பதினோராவது அறையைப் பார்க்கப் போனபோது பின்பக்கப் படிக்கட்டில் கீழிருந்து மேல்வரை ஆட்கள். ஆளுக்கொரு தொசியே. ஒருத்தி ஸ்பைரல் பைண்டிங் போட்டிருந்தாள். இன்னொருவன் பொருளடக்கம் வைத்திருந்தான். உள்ளே போனவர்கள் எல்லோரும் உத்தரத்தில் நெற்றியை இடித்துக்கொண்டு, இடிக்காத மாதிரி சிரித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். பையனுக்கு முன்னால் நின்றவனின் கட்டு கைநழுவிப் படியில் சிதறியது. அதில் ஒரு தாளைப் பையன் மிதித்துவிட்டான். புதுச்சேரிப் பழக்கம், சட்டென்று குனிந்து தாளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

வீட்டுக்கார மூதாட்டி வாசலில் நின்று இதைப் பார்த்துவிட்டார். என்ன அது என்று கேட்டார். காகிதம் என்றால் எங்களுக்குச் சரஸ்வதி, கால் படக் கூடாது என்று தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னான். மூதாட்டி அவனையே கொஞ்ச நேரம் பார்த்தார். வாழ்க்கை முழுக்கக் காகிதம் வாங்கிக் காகிதம் கொடுத்தவர். காகிதத்தைக் கும்பிடுகிற குடித்தனக்காரனை அவர் பார்த்ததில்லை. "மசாலா வாசனை வருமா?" என்று மட்டும் கேட்டார். சென்னையில் முட்டை வாசனை வருமா என்று கேட்பார்களே, அதே தொனி. ரசம் மட்டும் வைப்பேன் என்றான். விசால் சான்றிதழை வாங்கிக்கொண்டார்.

ஒப்பந்தத்தில் வாடகைக்குக் கீழே தனியாக 40 யூரோ இருந்தது. அந்த ஜூலையிலிருந்து பாரீஸில் வாடகைக்கு உச்சவரம்பு அமலாகியிருந்தது. ஆனால் அசாதாரணமான வசதி இருந்தால் மேலே கொஞ்சம் சேர்த்து வாங்கலாம். இந்த அறைக்கு என்ன அசாதாரணம் என்று கேட்டான். மூதாட்டி கூரையில் இருந்த சின்ன ஜன்னலைக் காட்டினார். பிரெஞ்சில் அப்படிப்பட்ட ஜன்னலுக்கு வசிஸ்தாஸ் என்று பேர். நாற்காலி போட்டு ஏறி, வசிஸ்தாஸ் வழியாகத் தலையை நீட்டி, இடது பக்கம் கழுத்தைத் திருப்பினால், இரண்டு புகைபோக்கிகளுக்கு நடுவே ஈஃபிள் கோபுரத்தின் மேல்பாதி. கோபுர தரிசனம் கோடி புண்ணியம். இங்கே மாசம் 40 யூரோ.

முதல் நாள் இரவு ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வீடியோ கால் போட்டான். புதுச்சேரியில் நடுநிசி தாண்டி அரைமணி. அம்மா தூங்காமல் இருந்தாள். படுக்கை, அதற்கு ஒரு கை தள்ளி அடுப்பு, அடுப்பை ஒட்டிக் குளியல் தடுப்பு. படுத்தபடியே பாலை இறக்கலாம் என்று செய்து காட்டினான். பிறகு நாற்காலியில் ஏறிப் போனை வெளியே நீட்டினான். இருட்டினால் ஒவ்வொரு மணிக்கும் முதல் ஐந்து நிமிடம் கோபுரம் மின்னும். மின்னியது. அப்பா "அடேங்கப்பா" என்றார்.

"அதெல்லாம் இருக்கட்டும், கக்கூஸ் எங்கடா?" என்றாள் அம்மா.

இறங்கிக் கதவைத் திறந்து, நடை விளக்கைப் போட்டு, நாலு அறைக்கும் பொதுவான அந்தக் கதவைத் தள்ளிக் காட்டினான். விளம்பரத்தில் கடைசி வரியில், பொடி எழுத்தில், துருக்கி பாணி என்று மன்னிப்புக் கேட்கிற மாதிரி போட்டிருந்தார்கள். தரையோடு தரையாகப் பீங்கான், கால் வைக்க இரண்டு பக்கமும் மேடை.

அம்மா முகத்தில் அன்றைக்குத்தான் முதன்முறையாக நிம்மதி வந்தது. "நம்ம வீட்டுது மாதிரியே இருக்குங்க" என்று அப்பா பக்கம் திரும்பினாள். "இதுக்குத் தனியா எதுவும் கேக்கலையே?"