போட்டோ இருக்கா சார்?

பொங்கலுக்கு நாலு நாள் லீவு விட்டால் ஊரில் எல்லோரும் சினிமா, தீவுத்திடல், மச்சினர் வீடு என்று கிளம்புவார்கள். நாங்கள் மாமியார் சகிதம், விடிந்தும் விடியாமலும் பக்கத்துத் தெரு மாநகராட்சிப் பூங்கா வாசலில் நிற்போம். பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு. தமிழகப் பறவை ஆர்வலர்கள் 2015 முதல் நடத்துகிறார்கள். ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் இருந்து, கண்ணில் படுவது, காதில் விழுவது எல்லாவற்றையும் இனவாரியாக எண்ணி இ-பேர்ட் தளத்தில் ஏற்ற வேண்டும். கட்டணம் கிடையாது. இந்தக் கடைசி விஷயம்தான் என் வீட்டுக்காரரை இயற்கை ஆர்வலராக்கியது.

அவருக்கு ஆசை ஆறுமணிக்குருவி மேல். தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். குளிர்காலத்துக்கு வடக்கிலிருந்து வந்து, மரத்தடிச் சருகில் பூச்சி பொறுக்கும். பச்சை, நீலம், சிவப்பு என்று உடம்பெல்லாம் நிறம். காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் குரல் கொடுப்பதால் அந்தப் பெயர். இரவல் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அதைத் தேடி வந்தவரிடம், தன்னார்வலராக வந்திருந்த கல்லூரிப் பெண் முதலில் கேட்டது: "சார், காக்கா எத்தனை?"

"காக்காயையுமா எழுதணும்?"

"அதுதான் சார் முக்கியம்."

அந்தப் பெண் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. அபூர்வப் பறவை வந்தால் கேமராவோடு பத்துப் பேர் ஓடிவந்து பதிவு செய்துவிடுவார்கள். காக்காய், மைனா, புறா கூடுகிறதா குறைகிறதா என்பது, ஆயிரம் பேர் வருஷா வருஷம் சலிக்காமல் எழுதி வைத்தால்தான் தெரியும். சிட்டுக்குருவி வீட்டுக்கு வீடு இருந்த காலத்தில் அதை உட்கார்ந்து எண்ண யாருக்கும் தோன்றவில்லை. அதனால்தான் இன்று செல்போன் கோபுரம் முதல் சிமென்ட் வீடு வரை ஆளுக்கொரு குற்றவாளியைப் பிடித்து வைத்துக்கொண்டு, கணக்கில்லாமல் வாதாடுகிறோம்.

இவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு காக்காய் எண்ணப் போனார். மாமியார் பெஞ்சில் உட்கார்ந்தபடியே தவிட்டுக்குருவிகளை முடித்துவிட்டார். "ஏழு. ஒண்ணு கத்தினா மத்த ஆறும் சேர்ந்து கத்துது. நம்ம பக்கத்துக் கல்யாண வீடு மாதிரிதான்."

நாலாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்குக் குளத்தங்கரை. அங்கே குளக்கொக்கு இருக்கும், ஊர்ப்பக்கம் மடையான் என்பார்கள், உட்கார்ந்திருக்கும்போது சேற்று நிறத்தில் ஆளே தெரியாது, பறந்தால்தான் வெள்ளை இறக்கை தெரியும் என்று அந்தப் பெண் விவரமாகச் சொல்லிக் கொடுத்திருந்தார். பாடம் நன்றாக ஏறிவிட்டது. ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி போலிருந்த ஒருவர் கையை வீசி வீசி நடந்து வருகிற நேரம் பார்த்து, "அம்மா, அதோ ஒரு மடையான்!" என்று பூங்கா அதிரக் கத்தினாள். அவர் நின்றார். நான் அவசரமாகக் குளத்தைக் காட்டினேன். குளத்தில் எதுவும் தெரியவில்லை. அது பறக்காத வரை தெரியாது என்று அவருக்கு விளக்க எனக்கு வாய் வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் வேலியோரத்திலிருந்து வீட்டுக்காரர் கையை ஆட்டினார். ஆறுமணிக்குருவி! பச்சை, நீலம், கொஞ்சம் சிவப்பு, சருகில் அசைகிறது! எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பூனை நடை போட்டுப் போனோம். காற்றில் புரண்டுகொண்டிருந்தது சிப்ஸ் பாக்கெட்.

"இதுக்கு முன்னாடி நிஜமாவே இருந்தது. பறந்துடுச்சு" என்றார்.

"போட்டோ இருக்கா சார்?"

வவுச்சர் இல்லாமல் பில் பாஸ் ஆகாது என்று கால் நூற்றாண்டாகப் பிறரைக் கலங்கடித்து வரும் தணிக்கை உத்தியோகஸ்தர் அவர். பதில் சொல்லாமல் பைனாகுலரைத் துடைத்தார்.

பட்டியலை ஏற்றும்போது ஒரு கேள்வி வரும்: அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் பதிந்துவிட்டீர்களா? 'ஆம்' என்று நான் தட்டியதற்கு அன்று இரவுவரை என்னோடு பேச்சில்லை.

ஆகஸ்டில்தான் மனிதர் மறுபடி நிமிர்ந்தார். 1639 ஆகஸ்ட் 22-ஐ வைத்துச் சென்னை தினம் கொண்டாடுகிறார்களே, அதை ஒட்டி நடக்கும் வரலாற்று நடைகள். நாங்கள் போனது சென்ட்ரல் பக்கம், மை லேடி பூங்கா. முன்னாளில் இந்த வட்டாரமே 116 ஏக்கர் பீப்பிள்ஸ் பார்க். எட்வர்ட் பால்ஃபர் 1855-ல் எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஆரம்பித்த விலங்குக் காட்சி பின்னால் இங்கேதான் இடம் மாறியது. அதற்கு உயிர் காலேஜ், அருங்காட்சியகத்துக்குச் செத்த காலேஜ் என்று பெயர் வைத்தது பட்டணத்து ஜனங்கள். அப்புறம் மூர் மார்க்கெட், ரிப்பன் மாளிகை, ஸ்டேடியம் என்று ஒவ்வொன்றாக வந்து பூங்காவைக் கடித்துத் தின்றன. மிருகங்கள் வண்டலூருக்குப் போயின. 1985-ல் அங்கே புதுப் பூங்கா திறந்தார்கள். மூர் மார்க்கெட் எரிந்ததும் அதே வருஷம்தான்.

வழிகாட்டி சாலையைக் காட்டி, "இந்தப் பக்கமெல்லாம் கூண்டுகள்" என்றார். நாங்கள் நாற்பது பேரும் மாநகரப் பேருந்தைப் பயபக்தியோடு பார்த்தோம். என் வீட்டுக்காரர் கண்ணில் ஒளி வந்துவிட்டது. ஜனவரியில் இல்லாததைப் பார்த்தேன் என்றால் போட்டோ கேட்கிறார்கள். ஆகஸ்டில் இல்லாததைக் காட்டத்தானே கூட்டி வருகிறார்கள்! முன்வரிசைக்குப் போய், "சின்ன வயசுல இங்கதான் சிங்கத்துக்கு ரெண்டடி தூரத்துல நின்னேன். அது என்னைப் பார்த்து உறுமுச்சு, நான் அசையலை" என்று ஆரம்பித்தார். கூட்டம் சுற்றிக்கொண்டது. ஒருவர் வீடியோகூட எடுத்தார்.

"எங்கடா பார்த்தே?" என்றது பின்னாலிருந்து மாமியார் குரல். "கேட்டுக்கு உள்ளேயே வரமாட்டேன்னு ஐஸ் வண்டியைப் பிடிச்சுக்கிட்டு அழுதே. உன் தங்கச்சிதான் உள்ளே வந்து பார்த்தா."

வீடியோ எடுத்தவர் போனை அப்படியே மாமியார் பக்கம் திருப்பினார். ஐஸ் விலையிலிருந்து புலிக்கூண்டு நாற்றம் வரை மாமியார் சொல்லச் சொல்ல, வழிகாட்டி குறிப்பெடுத்தார். அடுத்த வருஷ நடையில் வந்து நாலு வார்த்தை பேச வேண்டும் என்று போன் நம்பரும் வாங்கிக்கொண்டார்.

"துணைக்கு நானும் வரலாமா?" என்றார் மகன்.

"கூட்டத்தைப் பொறுத்து சொல்றேன் சார்."