எங்களுக்கும் ஒரு நினைவுச்சின்னம்

கொழும்புக்காரர்களுக்குப் பொறுமை அதிகம். மருதானைப் பக்கம் வெள்ளைக்காரன் காலத்து டெர்மினஸ் கட்டிடம் நூறு வருஷத்துக்கு மேல் பழசாகும்வரை காத்திருந்து, 2009இல் அதை ரயில் அருங்காட்சியகம் ஆக்கினார்கள். நாட்டில் கோச்சி ஓடத் தொடங்கி 150 வருஷமான 2014இல் அந்த அருங்காட்சியகத்தைக் கடுகண்ணாவைக்குக் கொண்டுபோனார்கள். ஒரு கட்டிடம் சின்னமாவதற்கு எவ்வளவு மினக்கேடு! கோச்சி ஓட வேண்டும், சனம் ஏறி இறங்க வேண்டும், சுவர் புகையில் கறுக்க வேண்டும்.

எங்கட கரையில் அந்தத் தொல்லை இல்லை. 1928இல் மட்டக்களப்புக்கு வந்த தண்டவாளம் அதோடு நின்றுகொண்டது. கல்முனை வழியாகப் பொத்துவில் வரை நீட்டுவோம் என்ற பேச்சு மட்டும் தேர்தலுக்குத் தேர்தல் வந்து, பொன்னாடை போர்த்திக்கொண்டு திரும்பிப் போகிறது. ஸ்டேஷன் என்றால் மேடை இருக்குமாம். எங்களுக்குக் கிடைத்த மேடை அவர்கள் ஏறிப் பேசியதுதான். மாத்தறையில் நின்ற தண்டவாளமோ 2019இல் பெலியத்தைக்குப் போய்விட்டது. அங்கே ராஜபக்சக்களின் ஊர், இங்கே எங்கட ஊர்.

பழைய ஸ்டேஷன் இல்லையென்று நாங்கள் சோர்ந்துவிடவில்லை. பாவிக்காமலே பாழாகும் கட்டிடங்களைப் புதிதாகவே கட்டிக்கொண்டோம். அக்கரைப்பற்றுக்குப் பக்கத்தில் நுரைச்சோலை. 2004 சுனாமியில் வீடிழந்தவர்களுக்காக சவூதி அரசின் பணத்தில் 500 வீடுகள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பள்ளிவாசல், சந்தை எல்லாம் சேர்த்து ஒரு முழு ஊர். அந்த வீடுகளைப் பங்கிடும் விதத்தை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். நாட்டின் இன விகிதாசாரப்படி பங்கிடச் சொல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கடல் எங்கட கரையை அடிக்க வந்த அன்றைக்கு அதன் கையில் அந்த விகிதாசாரக் கணக்கை ஒருவரும் கொடுத்து அனுப்பவில்லை. பதினைந்து வருஷத்துக்கு மேலாக அந்த வீடுகளில் பற்றைக்காடு குடியிருந்தது. இதற்காகக் கொழும்பில் அமைச்சர் கதிரையை விட்டு எழும்பிய எங்கட ஆள் யார்? பெயர் தெரிந்தால் சொல்லுங்கள், அவருக்கு ஒரு சிலை வைப்போம். காத்திருந்தே மௌத்தானவர்களின் கபுறடியில் போய்த்தான் இனி வீட்டுத் திறப்பை நீட்ட வேண்டுமா?

அடுத்தது ஒலுவில். முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் மர்ஹூம் அஷ்ரப் கண்ட கனவு, டென்மார்க் கடனில் கட்டிய துறைமுகம். 2013இல் ஜனாதிபதி வந்து திறந்து வைத்தார். கப்பலுக்காக விட்ட வாயில் மணல் வந்து குடியேறியது. (மணலுக்கு விகிதாசாரம் கேட்டு ஒருவரும் வழக்குப் போடவில்லை.) மீனவர்களின் படகுகள் உள்ளே மாட்டிக்கொண்டன. பக்கத்துக் கரையைக் கடல் தின்றது, தென்னந்தோட்டமும் போனது. ஒலுவிலில் திறப்பு விழா நடந்தது, கப்பல் இல்லை. நுரைச்சோலையில் வீடு இருந்தது, திறப்பு இல்லை.

இனி யாராவது கல்முனை ஸ்டேஷனுக்கு அடிக்கல் நட வந்தால், தண்டவாளம் எங்கே காக்கா என்று முதலில் கேளுங்கள். அதுவரை கொழும்புக் கோச்சி பிடிக்க வேண்டியவர்கள் மட்டக்களப்பு பஸ்ஸில் நேரத்தோடு ஏறிக்கொள்ளுங்கள்.