உருகிய ஈயத்தில் என்ன போடுவது?

டெக்சாஸ் வாசகர்: இங்கே நண்பர்கள் வீட்டிலேயே துப்பாக்கிக்கு ஈயக் குண்டு வார்க்கிறார்கள். உருகிய ஈயத்தில் மெழுகுத் துண்டைப் போடுகிறார்களே, என்ன சடங்கு இது?

சடங்கல்ல, ரசாயனம். காற்று பட்டதும் ஈயத்தின் மேல் ஆக்சைடு ஏடு படிகிறது. மெழுகில் உள்ள கார்பனும் ஹைட்ரஜனும் அதிலிருக்கும் ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்கின்றன. உலோகம் மறுபடி சட்டிக்கே வந்து சேர்கிறது.

அந்த ஏட்டை வழித்துக் கொட்டிவிட்டால் என்ன?

கொட்டுங்கள், காசும் சேர்ந்து போகும். குண்டுக் கலவையில் ஈயத்தோடு கொஞ்சம் வெள்ளீயமும் ஆன்டிமனியும் இருக்கும். ஆக்சிஜனிடம் முதலில் மாட்டுவது வெள்ளீயம்தான். விலையிலும் அது ஈயத்துக்குப் பெரியண்ணன்!

வெள்ளீயம் கனம் குறைவு, அதனால் தானாகப் பிரிந்து மேலே மிதக்கும் என்கிறாரே நண்பர்?

காபியில் கரைந்த சர்க்கரை தானாகப் பிரிந்து வருமா? கரைந்தது கரைந்ததுதான். மேலே தெரிவது வெள்ளீயமல்ல, அதன் ஆக்சைடு. நண்பரிடம் கரண்டியைக் கொடுக்காதீர்கள்.

மெழுகா, மரத்தூளா? ஒன்றைச் சொல்லுங்கள்.

மரத்தூள். மெழுகு குப்பென்று தீப்பிடித்து, வந்த வேகத்தில் தீர்ந்துவிடும். மரத்தூள் நின்று வேலை செய்யும். கருகிக் கரியாகி, மேலே போர்வையாகக் கிடந்து காற்றைத் தடுக்கும், ஆக்சைடை உலோகமாக்கும், அழுக்கையும் தன்னோடு இழுத்துக்கொள்ளும். காய்ந்த தூளாக இருக்கவேண்டும். தூவியதும் கிளறாதீர்கள், முழுக்கக் கருகியபின் அடியையும் சட்டியின் ஓரத்தையும் சுரண்டிக் கிளறுங்கள். அழுக்கு ஒளிந்திருப்பது அங்கேதான்.

கும்பகோணம் வாசகி: பத்தர் தங்கத்துக்கு வெண்காரம் போடுகிறார். ஈயத்துக்கு ஆகாதா?

தங்கம் உருக 1064 டிகிரி செல்சியஸ். வெண்காரம் உருக சுமார் 743. அதனால் பத்தரின் மூசையில் அது இளகி ஓடி, ஆக்சைடைக் கரைத்துக்கொள்ளும். ஈயமோ 327-லேயே உருகிவிடும். அந்தச் சூட்டில் வெண்காரம் பொரிந்து உட்கார்ந்திருக்குமே தவிர இளகாது. போதாததற்கு, கடையில் வாங்கும் வெண்காரத்தின் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவு தண்ணீர். பத்தரிடமே இருக்கட்டும்.

ஈயம் பூசுகிறவர் போடும் நவச்சாரம்?

அது பாத்திரத்தின் முகம் கழுவ. சுமார் 338 டிகிரியில் அம்மோனியாவாகவும் ஹைட்ரஜன் குளோரைடாகவும் பிரியும். பின்னது பித்தளையின் ஆக்சைடை அரித்து நீக்க, வெள்ளீயம் பளிச்சென்று ஒட்டும். வார்ப்புச் சட்டியில் போட்டால் சட்டிக்குத் துரு, மூக்குக்கு எரிச்சல்.

பூசும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். வெள்ளீயத்தில் கறுப்பு ஈயம், அதாவது குண்டு வார்க்கும் இதே ஈயம், கலந்தால் உங்கள் ரசத்தில் விஷம்.

ராமேஸ்வரம் வாசகர்: வலைக்கு ஈயக் குண்டு வார்க்கும்போது சட்டி படாரென்று தெறித்தது. கசடு எடுக்காததாலா?

இல்லை, தண்ணீர்! ஒரு பங்கு நீர் ஆவியானால் சுமார் 1,700 பங்கு இடம் கேட்கும். பழைய குண்டின் பொந்தில் கடல்நீர் பதுங்கியிருந்திருக்கும். ஈயத்தை ஆறிய சட்டியில் போட்டு, சட்டியோடு சேர்த்தே சூடாக்குங்கள். உருகிய ஈயத்தில் புதுத் துண்டைப் போடவே கூடாது. கரண்டியும் அச்சும்கூட ஈரமில்லாமல் சூடேறியிருக்கவேண்டும். கண்ணாடி, கையுறை, மூடிய காலணி மூன்றும் கட்டாயம். கண் போனால் எந்த வலையை விரிப்பீர்கள்?

மூக்கைப் பொத்திக்கொண்டால் ஈயம் ஒன்றும் செய்யாதுதானே?

வாயை என்ன செய்வீர்கள்? ஈயம் கொதிக்க 1,749 டிகிரி. வார்க்கும் சூட்டில் அதன் ஆவி குறைவு. பெரிய எதிரி, நீங்கள் வழித்துப் போட்ட கசடின் தூள். கையில் ஒட்டும், பீடியோடும் பஜ்ஜியோடும் உள்ளே போகும், சட்டையில் ஏறிக் குழந்தையின் தொட்டில்வரை வரும்.

2020-ல் யுனிசெஃப் அறிக்கை சொன்னது: உலகில் மூன்றில் ஒரு குழந்தையின் ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ ஈயம். ஏறத்தாழ 80 கோடிப் பிள்ளைகள்! ஆகவே அடுப்படியில் உருக்காதீர்கள். சமையல் பாத்திரத்தைத் தொடாதீர்கள். கசடை மூடி போட்ட டப்பாவில் வையுங்கள், துணியைத் தனியே துவையுங்கள். சோப்புப் போட்டுக் கை கழுவாமல் பிள்ளையைத் தூக்காதீர்கள்.

மதுரை வாசகர்: நானும் வீட்டில் தோட்டா வார்க்கலாமா?

1959-ஆம் வருட ஆயுதச் சட்டம் இருக்கிறது. உரிமம் இல்லாமல் தோட்டா தயாரித்தால் சிறை. அந்தக் கசடை நீக்க மெழுகும் உதவாது, மரத்தூளும் உதவாது.

ஈயக் குண்டையே நிறுத்திவிட்டால்?

கலிஃபோர்னியா வேட்டையில் 2019 ஜூலை முதல் நிறுத்திவிட்டது. வேட்டையாடிய உடலில் கிடக்கும் ஈயச் சிதறலைத் தின்று காண்டோர் கழுகுகள் செத்தன. பிரிட்டன் தூண்டிலின் சிறு ஈயக் குண்டுகளை 1987-லேயே தடைசெய்தது. அங்கே மடிந்தவை அன்னங்கள். இரண்டும் நல்ல சட்டங்கள், தாமதமாக வந்தவை. கலிஃபோர்னியா வேட்டைக்காரர்கள் பலர் இப்போது தாமிரக் குண்டுக்கு மாறிவிட்டார்கள். தாமிரம் உருக 1,085 டிகிரி. அதற்கு என்ன போடுவது என்று கேட்டு எனக்கு எழுதாதீர்கள்; கடையில் வாங்குங்கள்.