மிச்சக்காரரின் சென்னை வாசம்

தென்மாவட்டங்களிலிருந்து ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை சென்னைக்கு வந்து, ஒரு கல்யாணத்தையோ ஒரு மருத்துவரையோ ஒரு தலைமை அலுவலகத்தையோ பார்த்துவிட்டுத் திரும்பும் நடுத்தர வருவாய்க்காரர்களுள், வந்த காரியத்தைவிட வழியில் பிடித்த மிச்சத்தையே பெரிதாகக் கருதும் ஒரு வகையினர் உண்டு. இவ்வகையினரை மிச்சக்காரர் எனலாம். கஞ்சர் என்ற சொல் இவருக்குப் பொருந்தாது. கஞ்சர் ஊரைவிட்டே கிளம்பமாட்டார், மொய்யை அனுப்பிவிட்டு முதுகுவலி என்று சொல்லிவிடுவார். மிச்சக்காரருக்குச் சொந்த வீடும் வங்கியில் வைப்புத்தொகையும் உண்டு. செலவழிக்க அவர் அஞ்சுபவரும் அல்லர். தாம் பயன்படுத்தாத ஒன்றுக்குப் பணம் கொடுக்க நேர்வதை மட்டுமே அவரால் தாங்கிக்கொள்ள முடியாது. அவருடைய கணக்கில் மிச்சம் என்ற ஒரே பத்திதான் இருக்கிறது. அந்த மிச்சத்தைப் பிடிப்பதற்காக ஆன செலவை எழுத அதில் இடம் விடப்படவில்லை.

சென்னையில் உறவினர் இல்லாதவர் என்று மிச்சக்காரரை எண்ணிவிடக் கூடாது. அம்பத்தூரில் ஒரு மைத்துனரும் வேளச்சேரியில் ஓர் ஒன்றுவிட்ட அக்காவும் அவருக்குக் கட்டாயம் இருப்பார்கள். எனினும் உறவினர் வீடு இலவசம் என்பது அனுபவமற்றவர்களின் நம்பிக்கை என்பதை அவர் நெடுநாளைக்கு முன்பே கணக்கிட்டுக் கண்டறிந்திருக்கிறார். வீட்டுக்கு ஒரு கிலோ அல்வா, அரைக்கிலோ மிக்சர், பிள்ளைகள் கையில் ஆளுக்கு இருநூறு ரூபாய், அந்த வீடு இருக்கும் சந்துவரை ஆட்டோ, திரும்பிய பின் அவர்கள் ஊருக்கு வரும்போது செய்யவேண்டிய பதில் மரியாதை ஆகியவற்றைக் கூட்டினால், எழும்பூரில் மின்விசிறி அறை ஒன்றை எடுப்பதே மலிவு என்பது அவர் முடிவு. "நம்ம வீடு இருக்கும்போது லாட்ஜ் எதுக்கு அத்தான்?" என்று மைத்துனர் வருத்தப்பட்டால், "என்ன மாப்ளே செய்ய, ஆபீஸ்ல ரூம் போட்டுக் குடுத்துட்டாங்க" என்று சொல்லும் நாகரிகமும் அவரிடம் உண்டு, அவர் பணி ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகள் ஆகியிருந்தாலும் இந்தப் பதில் மாறுவதில்லை.

பயணச்சீட்டைப் பொறுத்தவரை அவர் ரயில் கட்சி. இரவு ரயிலில் வந்தால் ஓர் இரவின் அறை வாடகை மிச்சம் என்பது இக்கட்சியின் மூலக் கொள்கை. முன்பதிவுக் காலம் 120 நாளாக இருந்தவரை, நிச்சயதார்த்தத்துக்கு முன்பே கல்யாணத்துக்கான சீட்டை எடுத்துவிடும் அளவுக்கு அவர் முன்யோசனைக்காரராக விளங்கினார். 2024 நவம்பர் 1 முதல் அது 60 நாளாகச் சுருக்கப்பட்டதைத் தம் தொலைநோக்கின்மேல் போடப்பட்ட கட்டுப்பாடாகவே கருதுகிறார். தட்கல் என்ற சொல்லை, அதாவது பயணத்துக்கு முந்தின நாள் கூடுதல் கட்டணத்துக்கு விற்கப்படும் சீட்டை, அவர் வீட்டில் எவரும் உரக்க உச்சரிப்பதில்லை. அறுபது வயது நிறைந்த ஆண்களுக்கு ரயில்வே அளித்துவந்த 40 சதவீதச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டபோது ஐம்பத்தொன்பதை எட்டியிருந்த மிச்சக்காரர்களின் மனநிலையை எந்தச் சமூகவியலாளரும் இதுவரை ஆராயாதது ஒரு குறையே. வாழ்நாளெல்லாம் மூப்பை ஆவலோடு எதிர்பார்த்திருந்த ஒரே கூட்டம் அவர்கள்.

மிச்சக்காரரின் திறமை முழுவதும் வெளிப்படுவது அறை எடுக்கும் நேரத்தைத் தேர்ந்துகொள்வதில்தான். தமிழ்நாட்டு லாட்ஜுகளில் இருவகை வழக்கங்கள் உண்டு. பெரிய ஓட்டல்களிலும் செயலி வழிப் பதிவிலும் வாடகை நாள் என்பது நண்பகலை ஒட்டித் தொடங்கி மறுநாள் முற்பகலில் முடிந்துவிடுவது. பழைய லாட்ஜுகள் பலவற்றிலோ, அறையில் நுழைந்த நிமிடத்திலிருந்து 24 மணி நேரம் எண்ணப்படுகிறது. முதல் வழக்கத்தை மிச்சக்காரர் பகற்கொள்ளை என்கிறார். ஒரு நாள் வாடகை வாங்கிக்கொண்டு இருபத்துமூன்று மணி நேரம் தருபவரிடம் மீதி ஒரு மணி நேரத்தை அவர் கேட்கத் தயங்கியதில்லை. இரண்டாவது வழக்கம் அவருக்கு உகந்தது, ஆனால் அதிலும் ஒரு சிக்கல் உண்டு. செவ்வாய்க்கிழமை விடியற்காலை ஐந்தரைக்கு எழும்பூரில் இறங்கி, புதன்கிழமை இரவு ஒன்பது மணி ரயிலில் திரும்புகிறவர் இறங்கியவுடன் அறை எடுத்தால், அது புதன் விடியலில் காலாவதியாகி, எஞ்சிய பகலுக்காக இரண்டாம் நாள் வாடகையும் கொடுக்க வேண்டிவரும். சாதாரண மனிதர் இரண்டு நாள் வாடகையைக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போய்விடுவார். மிச்சக்காரர் செவ்வாய் இரவு எட்டரைக்கு அறை எடுக்கிறார். அது புதன் இரவு எட்டரைவரை அவருக்கு உரியது. ஒரு வாடகை, ஒரு வினாடியும் வீணில்லை.

இந்தத் தீர்வின் அழகைக் கெடுக்கும் சிறு விவரம், செவ்வாய்க்கிழமை பகல் முழுவதும் அவருக்கு இருப்பிடமே இல்லை என்பதுதான். பல் துலக்குவதும் குளிப்பதும் ரயில் நிலையத்தில் நடந்தேறுகின்றன. பெட்டியை நிலையத்தின் பொருள் காப்பறையில், அதாவது க்ளோக் ரூமில், ஒப்படைக்கச் செல்கிறார். பூட்டில்லாத பையை அங்கே வாங்கமாட்டார்கள் என்பது ஒவ்வொரு முறையும் அப்போதுதான் அவர் நினைவுக்கு வருகிறது. வெளியே ஓடி ஒரு பூட்டு வாங்கிவருகிறார். இவ்வாறு சேர்ந்த பூட்டுகள் அவர் வீட்டு மேசை இழுப்பறையில் நிரம்பிக் கிடந்தாலும் மிச்சப் பத்தியில் அவை இடம்பெறுவதில்லை. அதன்பின் மருத்துவமனை வரவேற்புக் கூடம், குளிரூட்டப்பட்ட துணிக்கடை, வங்கிக் கிளை, கன்னிமாரா நூலகம் என்று இருக்கையும் மின்விசிறியும் கட்டணமின்றிக் கிடைக்கும் இடங்களிலெல்லாம் முறைவைத்து அமர்ந்தெழுந்து பொழுதை நகர்த்துகிறார். புதன்கிழமையோ இதற்கு நேர்மாறு. வந்த வேலை பதினோரு மணிக்கே முடிந்துவிட்டாலும், மெரீனாவுக்குப் போய்வரலாமே என்று மனைவி கேட்டாலும், அவர் அறைக்குத் திரும்பி இரவு எட்டரைவரை அதிலேயே உட்கார்ந்திருக்கிறார்; கொடுத்த வாடகைக்கு அறையைக் காலியாக விட்டுச் செல்வதில் அவருக்கு உடன்பாடில்லை.

லாட்ஜ் இருக்கும் வட்டாரங்களைப் பற்றிய அவருடைய அறிவு, சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவர்களிடமும் காணக் கிடைக்காதது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எழும்பூர் நிலையத்துக்கு எதிரே கென்னட் சந்து, சென்ட்ரலை ஒட்டிப் பெரியமேடு, வால்டாக்ஸ் சாலை, சற்றுத் தள்ளித் திருவல்லிக்கேணி என்று அவருடைய வரைபடம் விரிகிறது. திருவல்லிக்கேணியின் மேன்ஷன்கள், அதாவது குடும்பமில்லாத ஆண்களுக்கு மாத வாடகைக்கு விடப்படும் பல மாடி அறைத் தொகுப்புகள், அவருடைய இளமைக்கால வேலைதேடலின் நினைவிடங்கள். அங்கே ஒருவர் பெயரில் உள்ள அறையில் நால்வர் படுத்துறங்கிய கலையைத்தான் பிற்காலத்தில் அவர் குடும்ப அளவுக்கு விரிவுபடுத்திக்கொண்டார். ரயில் நிலைய ஓய்வறைகளைப் பயணச்சீட்டின் பிஎன்ஆர் எண்ணைக் கொண்டு இணையத்தில் பதியலாம் என்பதும் அவருக்குத் தெரியும். ஆனால் அவர் பார்க்கும்போதெல்லாம் அவை நிரம்பியிருக்கின்றன, அவரைப் போன்றவர்களாலேயே. வழிப்போக்கருக்குத் தங்குமிடமும் சோறும் இலவசமாகவே கிடைக்கவேண்டும் என்று அவர் மனத்தின் ஒரு மூலை நம்புவதற்கு வரலாற்றுக் காரணமும் இல்லாமலில்லை: தஞ்சை மராட்டிய மன்னர்கள் ராமேசுவரச் சாலையில் நிறுவிய சத்திரங்களும், சென்ட்ரலுக்கு எதிரே சவலை ராமசாமி முதலியார் கட்டிய சத்திரமும் அந்த அறத்தின் சின்னங்களே. அறையைக் காசுக்கு விடுவது ஒரு தற்காலிகச் சீர்கேடு என்பதுபோலவே அவர் லாட்ஜ் வரவேற்பு மேசையை அணுகுகிறார்.

அங்கே நடைபெறும் உரையாடல் சந்தையில் மாடு பிடிப்பதை ஒத்தது. முதலில் அறையைப் பார்க்கவேண்டும் என்பார். குழாயைத் திறப்பார், மின்விசிறியை ஐந்தில் வைப்பார், மெத்தையை அழுத்துவார், சன்னலைத் திறந்து அது இன்னொரு கட்டடத்தின் குளியலறைக் குழாய்களை நோக்கித் திறப்பதைக் கண்டு முகத்தில் ஒரு திருப்தியை மறைப்பார். குறை எதுவானாலும் அது ஐம்பது ரூபாய் பெறும். பிறகு கைப்பேசியை நீட்டி, "தம்பி, செயலியில தொள்ளாயிரம்னு காட்டுதே, அவனுக்குக் கமிஷன் குடுக்கிறதை எனக்கே குறைச்சுக்கக் கூடாதா?" என்பார். "அண்ணாச்சி, அது சிங்கிளு. நீங்க மூணு பேரு" என்று மேலாளர் சொன்னவுடன், மூன்றாமவர் பகலில் வந்து பார்த்துவிட்டுப் போகும் உறவினராக மாறிவிடுகிறார். ஏசி அறையை ஏசி அல்லாத வாடகைக்குக் கேட்பது அடுத்த படி. மேலாளர் இதற்கு இசைந்து, ரிமோட்டைத் தம் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிக்கொள்கிறார். அன்றிரவு, சுவரில் மாட்டியிருந்தும் ஓடாத அந்தக் குளிர்பெட்டியின் கீழே வியர்த்தபடி படுத்திருக்கையில், ஏசி அறையில் தங்கிய நிறைவு மிச்சக்காரருக்கு ஏற்பட்டுவிடுகிறது. வாடகை ஆயிரத்துக்குக் கீழ் இருந்தால் சரக்கு சேவை வரி கிடையாது என்றிருந்த நிலை 2022 ஜூலை 18 அன்று மாறி 12 சதவீத வரி வந்ததையும், 2025 செப்டம்பர் 22 முதல் அது 5 சதவீதமாகக் குறைந்ததையும் அவர் மேலாளருக்கு நாள் பிசகாமல் எடுத்துரைக்கிறார். மேலாளர் வரலாற்றுப் பாடத்துக்குப் பணிந்து இருபது ரூபாய் குறைக்கிறார்.

இதே மனிதர், பணியில் இருக்கும் காலத்தில் அலுவலகச் செலவில் வரும்போது வேறொரு பிறவியாகிவிடுகிறார் என்பதையும் பதிவுசெய்தாக வேண்டும். அப்போது அறை ஏசியாக இருக்கவேண்டும், வெந்நீர் நாள் முழுவதும் வரவேண்டும், பில் வரியோடு, முத்திரையோடு, தமக்கு அனுமதிக்கப்பட்ட உச்சவரம்புக்கு ஒரு ரூபாயும் குறையாமல் இருக்கவேண்டும். பயன்படுத்தாததற்குப் பணம் கொடுக்கக் கூடாது என்ற கொள்கை, பணம் தம்முடையதாக இருந்தால்தான் செல்லும்.

நகருக்குள் அவர் நம்புவது மாநகரப் பேருந்துகளுள் வெள்ளைப் பலகை வண்டியை, அதாவது மிகக் குறைந்த கட்டணமுள்ள சாதாரணப் பேருந்தை. 2021 மே மாதம் முதல் அவ்வண்டிகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றானபின் மனைவியைப் பயணங்களுக்கு அழைத்துவருவதில் அவருக்குப் புதிய உற்சாகம் பிறந்திருக்கிறது. மனைவி எடுக்காத சீட்டுகளின் தொகை அன்றிரவே மிச்சப் பத்தியில் ஏறுகிறது. அதற்காக நான்கு டீலக்ஸ் வண்டிகளை வழியனுப்பிவிட்டு, முகப்பில் இளஞ்சிவப்பு பூசிய வண்டி வரும்வரை இருவரும் வெயிலில் நிற்கிறார்கள். நின்ற களைப்புக்கு மனைவி குடிக்கும் இளநீர் மனைவியின் செலவு. மெட்ரோவில் கியூஆர் சீட்டுக்கு 20 சதவீதத் தள்ளுபடி உண்டு என்பதால் அதன்மேல் அவருக்குப் பகை இல்லை. ஆட்டோவைப் பொறுத்தவரை, முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதன்மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என்று 2013-இல் அரசு விதித்த கட்டணத்தை அவர் மனப்பாடமாக ஒப்பிக்கிறார். "சார், அந்த ரேட்டு போட்டப்ப பெட்ரோல் என்னா வெல, இப்ப என்னா வெல?" என்று ஓட்டுநர் கேட்கும் நியாயமான கேள்விக்கு நின்று பதில் சொல்வதில்லை, நடக்கத் தொடங்குகிறார். ஓட்டுநர் கேட்ட இருநூறு ரூபாய் முழுவதும், அவர் ஏறவே விரும்பாத ஆட்டோவின் கட்டணம் என்றாலும், மிச்சமாகவே எழுதப்படுகிறது. இந்த முறையில் நாள் முழுவதும் ஆட்டோக்காரர்களிடம் விலை மட்டும் கேட்டு நடந்தால் கணிசமாகச் சேரும் என்பதில் ஐயமில்லை. வழியனுப்ப வரும் மைத்துனரிடம், நடைமேடைச் சீட்டு பத்து ரூபாய், மின்ரயிலில் அடுத்த நிலையத்துக்குச் சீட்டு ஐந்து ரூபாய்தான் என்ற செய்தியைச் சொல்லிவைக்கவும் அவர் தவறுவதில்லை.

உணவைப் பற்றி நெடிது சொல்ல வேண்டியதில்லை. 2013-இல் தொடங்கப்பட்ட அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய் இட்லியை நின்றுகொண்டே உண்பார். உண்டபின் அந்த மலிவைக் கொண்டாடும் வகையில் பெயர்பெற்ற ஓட்டல் ஒன்றில் அமர்ந்து டிகிரி காபி குடிப்பார். காபியின் விலை இட்லியின் மிச்சத்தை விழுங்கிவிட்டதை யாரும் அவரிடம் சுட்டிக்காட்டுவதில்லை. காபி விஷயத்தில் அவர் சமரசம் செய்துகொள்ளமாட்டார்.

புதன் இரவு எட்டரைக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் சாவி ஒப்படைக்கப்படுகிறது. முன்பணத்தில் மீதி எண்ணி வாங்கப்படுகிறது. பிரிக்காத சோப்பு ஏற்கெனவே பெட்டிக்குள் இருக்கிறது. ரயில் தாம்பரத்தைத் தாண்டுவதற்குள், மொத்தம் எவ்வளவு மிச்சம் என்ற கணக்கை அவர் எதிர்ப் படுக்கைக்காரருக்கு விவரித்து முடித்திருப்பார். கேட்டவர் பாராட்டாவிட்டால் முதலிலிருந்து மீண்டும் தொடங்குவார். அந்த எதிர்ப் படுக்கைக்காரரும் மிச்சக்காரராக அமைந்துவிடுவது அபூர்வமன்று. அதே சந்து, அதே லாட்ஜ், அதே மாடி, ஆனால் வாடகை ஐம்பது ரூபாய் குறைவு என்று அவர் நிதானமாகச் சொல்வார். பெட்டியில் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்த பின்னும் மிச்சக்காரர் படுக்கவில்லை. அந்த மனிதருக்கு அறை கொடுத்த மேலாளர் பகல் ஷிப்டா இரவு ஷிப்டா, வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறையா, அவருக்கு எந்த ஊர் என்பவற்றை விசாரித்து, கைப்பேசி வெளிச்சத்தில் சிறிய நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருக்கிறார்.