சோதனை ஓட்ட ஜோஸ்யம்

ஃபார்முலா ஒன் பந்தயப் பருவம் தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்னதாக, பார்சிலோனாவிலோ பஹ்ரைனிலோ நடக்கும் சோதனை ஓட்டங்களைக் கண்ட மாத்திரத்தில், இவ்வருஷச் சாம்பியன் இன்னார்தான் என்று அடித்துச் சொல்லும் பண்டிதர்களின் தைரியம், பஞ்சாங்கம் கணிப்பவர்களுக்கும் வாய்க்காத அபூர்வ சித்தியாகும். எரிபொருள் 10 கிலோ கூடினால் கார் ஒரு சுற்றில் சுமார் 0.3 விநாடி பின்தங்கும் என்பதும், எவருடைய டாங்கியில் எவ்வளவு இருக்கிறதென்பது பரம ரகசியம் என்பதும் அவர்கள் அறியாதவையல்ல. அறிந்திருந்தும், கடிகாரம் காட்டும் மூன்றாவது தசம ஸ்தானத்தைப் பக்தியோடு பாராயணம் செய்கிறார்கள்.

2001-இல் புரோஸ்ட் அணியின் நீலக் கார், ஜான் அலேசியின் கையில், சோதனை ஓட்டங்களில் பிரமாதமாகப் பறந்தது. விளம்பரம் தரும் தனவான் எவரேனும் மயங்கமாட்டாரா என்று எடையைக் குறைத்து ஓட்டுகிறார்களோ என முணுமுணுத்த நாஸ்திகர்களும் இருந்தார்கள். வருஷ முடிவில் கிடைத்தவை 4 புள்ளிகள். 2002 ஜனவரியில் அணியே திவாலாயிற்று.

இதனால் ஞானோதயம் பெற்ற பண்டிதர்கள், ஹோண்டா கைவிட்ட அணியை ராஸ் பிரான் தம் பெயரில் ஏற்று, விளம்பர எழுத்துகள் அநேகமாக இல்லாத வெள்ளைக் காரை 2009 மார்ச்சில் அதிவேகமாக ஓட்டிக் காட்டியபோது, இதுவும் அந்தப் பழைய வித்தையே என்று புன்னகைத்தார்கள். அந்தக் கார் முதல் 7 பந்தயங்களில் ஆறை வென்று, ஓட்டுநர் பட்டம், அணிப் பட்டம் இரண்டையும் கொண்டுபோயிற்று.

2019-இல் ஃபெராரிக்கு முன்கூட்டியே மகுடாபிஷேகம் நடந்தது. அவர்கள் அரை விநாடி முந்தியிருக்கலாமென்று மெர்சிடிஸின் ஹாமில்டனே அடக்கத்தோடு ஆமோதித்தார். மெல்போர்னில் நடந்த பருவத்தின் முதல் பந்தயத்தில் முதலிரண்டு இடங்கள் மெர்சிடிஸுக்கு. ஃபெராரிக்கு நான்காவதும் ஐந்தாவதும்.