இல்லாத ஊரின் அதிகாரி

காலை ஆறு மணிக்கு நங்கநல்லூரிலோ கோவை ஆர்.எஸ்.புரத்திலோ நடைப்பயிற்சிக்கு வரும் கூட்டத்தில் இவரைக் கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை. தலையில் உள்ள தொப்பியில் இவர் படிக்காத பல்கலைக்கழகத்தின் பெயர். பனியனில் இவர் வேலை பார்க்காத கம்பெனியின் பெயர். காலில் மகன் போட்டுக் கழித்த ஷூ. வேட்டி மட்டும் சொந்தம். பேச்சு குப்பையைத் தொட்டாலும் சரி, ஹாரனைத் தொட்டாலும் சரி, பாலில் கலக்கும் தண்ணீரைத் தொட்டாலும் சரி, இவர் வாயிலிருந்து "அங்கெல்லாம்" என்ற சொல் வந்துவிடும். அது வந்ததும் கூட நடப்பவர்கள் நடையை எட்டிப் போடுவார்கள். பேட்டையில் பலருடைய ரத்தச் சர்க்கரை கட்டுக்குள் இருப்பதில் இவருக்கும் ஒரு பங்கு உண்டு. அமெரிக்கா போய் வந்த பெரியவரின் பீற்றல் என்று ஊர் இதற்குப் பெயர் வைத்திருக்கிறது. ஆனால் ஊர் பாதிக் கதையைத்தான் கேட்டிருக்கிறது. இதே மனிதர் மூன்று மாதத்துக்கு முன்பு நியூஜெர்சியின் எடிசனிலோ கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்டிலோ ஒரு பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்த விஜயவாடாக்காரரிடம் இதே "அங்கெல்லாம்"தான் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது "அங்கே" என்றால் நங்கநல்லூர். அங்கெல்லாம் காய்கறி வாசலுக்கு வரும், டாக்டரை நினைத்த நேரத்தில் பார்க்கலாம், பல்லைப் பிடுங்க வீட்டை விற்க வேண்டியதில்லை. எந்த ஊரில் தாம் இல்லையோ அந்த ஊருக்கு இவர் அதிகாரி. இதைப் பீற்றல் என்று தள்ளிவிடுவது தப்பு என்பது என் கட்சி.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அமெரிக்காவைப் பற்றி இவருக்கு அதிகம் தெரியாது. இவர் பார்த்தது ஒரு வீடு. அந்தப் புறநகர்களில் கார் ஓட்டத் தெரியாதவருக்குக் கால் இல்லாத மாதிரிதான். பஸ் அபூர்வம், தெருமுனைக் கடை கிடையாது, வெயில் காலத்தில்கூடத் தெருவில் மனித முகம் கிடையாது. திங்கள் முதல் வெள்ளி வரை அந்த வீட்டைச் சுற்றிய நாலு தெருவுக்குள்தான் இவருடைய அமெரிக்கா. சனிக்கிழமை காஸ்ட்கோ. ஞாயிற்றுக்கிழமை கோவில். நியூயார்க் பக்கம் என்றால் ஃப்ளஷிங்கில் 1977-ல் கும்பாபிஷேகம் கண்ட பிள்ளையாரைச் சேவித்துவிட்டு, கீழ்த்தளத்து கேன்டீனில் தோசை. ஆறு மாதத்தில் ஒரு முறை நயாகரா. அங்கே எடுத்த படத்தில் நீல மழைக்கோட்டுக்குள் இருப்பது யார் என்று மனைவிக்கே சந்தேகம். இந்த ஆதாரங்களை வைத்துக்கொண்டுதான் முப்பது கோடிக்கு மேல் மக்கள் வாழும் ஒரு தேசத்தின் நாகரிகத்தைப் பற்றித் தீர்ப்பு எழுதுகிறார். சிரிப்பு வரும்தான். ஆனால் நங்கநல்லூரைப் பற்றி அவர் அங்கே எழுதிய தீர்ப்பும் இதே தரம்தான். அதற்கு ஆதாரமும் ஒரு வீடு, நாலு தெரு, ஒரு கோவில்தான். அளவுகோலை அவர் மாற்றவில்லை என்ற நேர்மையையாவது கொடுக்க வேண்டும்.

இவர் ஏன் போகிறார் என்பதையும் பார்க்க வேண்டும். ஜெமினி மேம்பாலத்தின் பக்கத்தில் இருக்கும் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் "சுற்றிப் பார்க்க" என்று சொல்லித்தான் விசா வாங்குகிறார். விசாவில் பத்து வருஷம் என்று இருக்கும். ஆனால் போய் இறங்கியதும் தங்குவதற்குக் கொடுப்பது வழக்கமாக ஆறு மாதம். அந்த ஆறு மாதம் எப்போது வர வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது சுற்றுலாப் பருவமும் இல்லை, பஞ்சாங்கமும் இல்லை. மகப்பேறு மருத்துவர் குறித்துக் கொடுத்த தேதி. இதற்கு வேர் அமெரிக்கச் சட்டத்தில் இருக்கிறது. பிள்ளை பெற்ற பெண்ணுக்குச் சம்பளத்தோடு விடுப்பு கொடுத்தே ஆக வேண்டும் என்று அந்த நாட்டில் எல்லோருக்குமான மத்தியச் சட்டம் எதுவும் கிடையாது. 1993-ல் வந்த சட்டம் 12 வாரம் விடுப்பு தருகிறது. சம்பளம் இல்லாமல், அதுவும் ஐம்பது பேருக்குக் குறையாத நிறுவனத்தில் ஒரு வருஷமாவது வேலை பார்த்திருந்தால். நம் நாட்டில் 2017-ல் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு கிடைக்கிறது. 26 வாரம் என்பது ஆறு மாதம். அமெரிக்க நாடாளுமன்றம் கொடுக்காத விடுப்பை ஒரு மயிலாப்பூர்ப் பாட்டி கைப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு போகிறாள் என்று நான் சொன்னால் கணக்கு இடிக்காது. முதல் ஆறு மாதம் பெண்ணைப் பெற்றவர்கள், அடுத்த ஆறு மாதம் பிள்ளையைப் பெற்றவர்கள். கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு முகம் சுளித்துக்கொண்ட சம்பந்திகள் இங்கே ஷிஃப்ட் மாற்றும் தொழிலாளிகளைப் போல ஒருவருக்கொருவர் சாவி கொடுத்துக்கொள்கிறார்கள். குழந்தை எத்தனை மணிக்குத் தூங்கும், டயப்பர் எந்த அலமாரியில், மருமகளிடம் எதைப் பேசக் கூடாது என்ற தகவலும் அந்தச் சாவியோடு கைமாறுகிறது. சம்பளம் வாங்கினால் வேலை, வாங்காவிட்டால் பாசம். பாசத்துக்குச் சுற்றுலா விசா போதும்.

பெட்டி கட்டுவதைப் பற்றித் தனியாகவே ஒரு புத்தகம் எழுதலாம். ஆளுக்கு இரண்டு பெட்டி, பெட்டிக்கு 23 கிலோ என்பது பல விமான நிறுவனங்களின் கணக்கு. வீட்டுக் கைத்தராசில் 22.9 காட்டியது விமான நிலையத்தில் 24 ஆகிவிடும். அங்கேயே பெட்டியைத் திறந்து, ஊறுகாயா பட்டுப்புடவையா என்று குடும்பமே உட்கார்ந்து முடிவு செய்யும். பருப்புப்பொடி, அங்காயப்பொடி, பிரசவ லேகியம், நார்த்தங்காய், மணத்தக்காளி வற்றல் எல்லாம் போகும். கைப்பையில் மட்டும் பொடி வகை 350 மில்லிக்கு மேல் இருந்தால் தனியாகச் சோதிப்பார்கள் என்பதால் பொடிகள் எல்லாம் பெரிய பெட்டிக்கு மாறும். கறிவேப்பிலை மட்டும் போகாது. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் ஒரு சிறு பூச்சிக்குக் கறிவேப்பிலையும் பிடித்த செடி என்பதால் அமெரிக்கா அதை உள்ளே விடுவதில்லை. ஒரு கொத்து இலை ஃப்ளாரிடாவின் ஆரஞ்சுத் தோட்டங்களைக் கவிழ்த்துவிடக்கூடும் என்பது நம்மவருக்கு நம்பவும் முடியாத, உள்ளூரப் பெருமையாகவும் இருக்கிற செய்தி. திரும்பி வரும்போது அதே பெட்டியில் பாதாம், வைட்டமின் மாத்திரை, சாக்லேட், கழுவி மடித்து வைத்த ஜிப்லாக் பைகள். போகும்போது இங்கிருந்து எடுத்துப்போனதை அங்கே "ஊர்ச் சாமான்" என்று கொடுத்தார். வரும்போது அங்கிருந்து கொண்டுவந்ததை இங்கே "ஃபாரின் சாமான்" என்று கொடுக்கிறார். பேச்சில் செய்வதைத்தான் பெட்டியிலும் செய்கிறார். எந்த ஊரில் எது இல்லையோ அதைச் சுமந்து வருகிறவர் அவர்.

பணத்திலும் அப்படியே. அங்கே ஒரு கட்டு கொத்தமல்லியைக் கையில் எடுத்ததும் டாலரை ரூபாயாக்கிப் பார்த்து, எடுத்த இடத்திலேயே வைத்துவிடுவார். இங்கே வந்ததும் ரூபாயை டாலராக்கி, "ரெண்டு டாலர்கூட வராது" என்பார். சொல்லிவிட்டு ஆட்டோக்காரரிடம் இருபது ரூபாய்க்குப் பேரம் பேசுவதையும் விடமாட்டார். கைக்கடிகாரம் அங்கே இருக்கும்வரை இந்திய நேரம்தான் காட்டும். நியூயார்க்குக்கும் நமக்கும் கோடையில் ஒன்பதரை மணி, குளிரில் பத்தரை மணி வித்தியாசம். மார்ச்சிலும் நவம்பரிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்து கிட்டத்தட்ட ஒரு தேசமே கடிகாரத்தைத் திருப்பி வைப்பதை அவர் கடைசிவரை மன்னிப்பதில்லை.

சரி, இதெல்லாம் பெருமையடிப்பதுதானே, வேறென்ன என்று கேட்பவர்கள் உண்டு. பெருமையடிப்பவன் கேட்பவர் பொறாமைப்படும்படி பேசுவான். நம்மவர் பேச்சைக் கேட்டு எடிசனிலும் யாரும் பொறாமைப்படவில்லை, நங்கநல்லூரிலும் படவில்லை. அது தெரிந்தும் பேசுகிறார் என்றால் காரணம் வேறாக இருக்க வேண்டும். மகன் வீட்டில் அவர் நிலையைப் பாருங்கள். முப்பத்தைந்து வருஷம் ஓர் அலுவலகத்தின் கோப்புகள் இவர் கையெழுத்துக்குக் காத்திருந்தன. அங்கே பாத்திரம் கழுவும் மெஷினில் தட்டை எந்தப் பக்கம் பார்த்து அடுக்குவது என்று மருமகள் வந்து திருத்துகிறாள். வீட்டின் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் பொத்தானைத் தொடக் கூடாது. ஐந்து வயதுப் பேரன், "தாத்தா, இட்ஸ் நாட் வெஜிடபிள், இட்ஸ் வெஜ்டபிள்" என்கிறான். மாத்திரை தீர்ந்தால் பயம், மயக்கம் வந்தால் அதைவிடப் பயம். ஏற்கெனவே உள்ள வியாதிக்கு வருகையாளர் காப்பீடு எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பது பொடி எழுத்தில் இருக்கிறது. திரும்பி வந்தால் சொந்த வீடாவது சொந்தமாக இருக்கிறதா? ஆறு மாதம் பூட்டிக் கிடந்ததில் குழாய் துருப்பிடித்து, இன்வெர்ட்டர் பேட்டரி செத்து, குடியிருப்போர் சங்கத்துக்குப் புதுச் செயலாளர் வந்திருப்பார். கூடத்தில் மகன் மாட்டிய கேமரா இருக்கும், "ஏம்ப்பா ஸ்டூல் மேல ஏறினே?" என்று நடுராத்திரி அமெரிக்காவிலிருந்து அதட்டல் வரும். உயிரோடு இருக்கிறார் என்பதற்குக்கூட வருஷத்துக்கு ஒரு முறை, மத்திய அரசு ஓய்வூதியர் என்றால் நவம்பரில், சான்று கொடுக்க வேண்டும். இரண்டு வீட்டிலும் விருந்தாளியாகிவிட்ட ஒருவரிடம் மிச்சம் இருப்பது, எதிரில் இருப்பவருக்குத் தெரியாத இன்னொரு வீடு. அதைத்தான் அவர் செலவழிக்கிறார்.

இதற்கு என்னிடம் உள்ள பலமான சாட்சி அவருடைய மனைவி. அந்த அம்மாள் "அங்கெல்லாம்" என்று சொல்லிக் கேட்டவர் குறைவு. கேட்டால், "குழந்தை நன்னா இருக்கு, குளிர்தான் ஜாஸ்தி" என்பதோடு அமெரிக்கா முடிந்துவிடும். அவர் அதே விமானத்தில் போனவர், அதே நயாகராவில் நனைந்தவர். ஆனால் அவருடைய அடுப்படி அவரோடு கூடவே போயிற்று. பத்தியக் குழம்பும் எண்ணெய்க் குளியலும் அவர் கையில். குழந்தைக்கு வயிறு உப்பினால் வீடே அவர் முகத்தைப் பார்க்கிறது, மென்பொருள் படித்த மருமகள் உட்பட. அங்கேயும் அதிகாரி, இங்கேயும் அதிகாரி. இல்லாத ஊரைத் துணைக்குக் கூப்பிட அவருக்கு அவசியம் வரவில்லை. (இரண்டு ஊரிலும் அவருக்கு லீவும் கிடையாது என்பதை அவர் சொல்வதில்லை, யாரும் கேட்பதுமில்லை.) பேரனைப் பள்ளி பஸ்ஸில் ஏற்றிவிடும் பொறுப்பு கிடைத்த தாத்தாக்களிடமும் "அங்கெல்லாம்" பாதியாகக் குறைந்துவிடுகிறது. காலை எட்டு மணிக்கு ஒருவர் தமக்காகக் காத்திருக்கிறார் என்றால் அடுத்த கண்டத்தை இழுத்துப் பேச நேரம் ஏது?

இவ்வளவு அவஸ்தை எதற்கு, கிரீன் கார்டு வாங்கிக்கொண்டு ஒரே இடத்தில் இருந்துவிட வேண்டியதுதானே என்பது கடைசி ஆட்சேபம். மகன் அமெரிக்கக் குடிமகன் ஆகிவிட்டால் பெற்றோருக்கு அது கிடைக்கும்தான். கிடைத்த பிறகு கணக்கு தலைகீழாகும், அவ்வளவே. சுற்றுலா விசாக்காரர் அங்கே ஆறு மாதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. கிரீன் கார்டுக்காரர் ஆறு மாதத்துக்கு மேல் அங்கே இல்லாமல் இருந்தால் கேள்வி வரும். முன் அனுமதி இல்லாமல் ஒரு வருஷத்துக்கு மேல் என்றால் கார்டுக்கே ஆபத்து. முன்னவரை "எப்போது போவாய்?" என்கிறார்கள், பின்னவரை "ஏன் போனாய்?" என்கிறார்கள். அமாவாசைத் தர்ப்பணத்துக்கு உட்கார்ந்தால் அதிலும் சிக்கல். சங்கல்பத்தில் ஜம்புத்தீவு என்று சொல்லிப் பழகிய நாக்கு, அமெரிக்க வாத்தியார் க்ரௌஞ்சத் தீவு என்று சொல்லிக்கொடுக்கும்போது தடுக்கும். பெற்றவர்கள் எந்த விலாசத்துக்கு வருவார்கள் என்ற கவலை அவருக்கு நிஜமாகவே உண்டு. தமக்கே விலாசம் சரியாகத் தெரியாதவர் அவர்களுக்கு எதைச் சொல்வார்?

ஆகவே, நாளைக் காலை அந்தப் பல்கலைக்கழகத் தொப்பியை எதிரில் பார்த்தால், "எப்ப வந்தீங்க சார், மறுபடி எப்பப் போறீங்க?" என்று ஒரே மூச்சில் கேட்காதீர்கள். முதல் பாதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கூடவே உங்கள் குடியிருப்பின் தண்ணீர் மோட்டார் ஏன் அடிக்கடி நின்றுபோகிறது என்று அவரிடம் யோசனை கேட்டுப் பாருங்கள். மோட்டார் எந்த வருஷம், யார் மூலமாக, என்ன விலைக்கு வாங்கியது என்பதிலிருந்து ஆரம்பிப்பார். அரை மணி நேரமாவது கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.